இடது பக்க ஈரம்

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் டயப்பர் பேச்சுதான். தூக்கியவர் மடி நனைந்தது. படுக்கவைத்த விரிப்பு நனைந்தது. மாற்றிப் போட்ட சட்டையும் இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் நனைந்தது. வயிற்றில் தலைமேலாக உட்கார்ந்திருந்த குழந்தை என்பதால் ஆபரேஷன் செய்துதான் எடுத்திருந்தார்கள். பெற்றவளுக்குத் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை குனிந்து துணி மாற்றும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்தும் வேலை பார்ப்பவள். கணவன் லிப்ட் மெக்கானிக். இரண்டாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத பால்கனி. ஸ்கேனில் முதன்முதலாகப் பார்த்த அன்று கணவன் வைத்த செல்லப்பெயர் பட்டாணி. பெண் பிறந்த பிறகும் வேறு பெயர் முடிவாகாததால் அதுவே நிலைத்துவிட்டது.

உதவிக்கு வந்திருந்தது கணவனின் அக்கா. ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் விரிப்பு மடிப்பவள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு இங்கே மறுசொல் கிடையாது. லீவு போட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள், முதல் நாளே பாடம் எடுத்தாள்.

"டயப்பர் மாட்டறதுல என்னம்மா கம்பசூத்திரம். இங்க பாரு. இடுப்புல ரெண்டு விரல் போகணும். அதுக்கு மேல போனா லூஸு. தொப்புள் காயற வரைக்கும் முன்பக்கத்தைக் கீழ மடிச்சு விடு, மேல உரசக்கூடாது. தொடைகிட்ட சுருக்கம் சுருக்கமா இருக்கே, அதை விரலை விட்டு வெளிய இழுத்து விடணும். உள்ள மடிஞ்சு நின்னுச்சுன்னா குழாயைத் திறந்து விட்ட மாதிரிதான்."

சொன்னபடியே செய்து, குழந்தையைத் துணியில் சுற்றி, ஓட்டல் கட்டில் விரிப்பைப் போலச் சுருக்கமில்லாமல் கட்டிக் கொடுத்தாள். சற்று நேரத்தில் துணியின் ஓரம் கருத்தது. நாத்தனார் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்பெனி சரியில்ல" என்றாள்.

தம்பி வேறு கம்பெனி வாங்கி வந்தான். அதுவும் ஒழுகியது. ஒரு அளவு சிறியது வாங்கினான். தொடையில் சிவப்பாகத் தடம் விழுந்ததே தவிர ஈரம் நிற்கவில்லை. துணியை முக்கோணமாக மடித்துக் கட்டிப் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரம்மா துணிக்குள் இன்னொரு துணி வைக்கச் சொன்னாள். வைத்தார்கள். இரண்டு துணி நனைந்தது.

"லிப்ட் கதவுல காத்து போகாம ரப்பர் அடிக்கறவன் நான். இந்த ஒரு சாண் உடம்புல எனக்குப் பிடிபட மாட்டேங்குது" என்றான் கணவன். அன்றைக்கு மூன்று பேருமே சிரித்தார்கள். அந்த வீட்டில் அதன் பிறகு வெகுநாள் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் துணி உலர்த்தும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். துவைத்தும் போகாத மஞ்சள் கறை எல்லாச் சட்டைகளிலும் ஒரே பக்கத்தில் இருந்தது. இடது பக்கம். கொடியில் வரிசையாகத் தொங்கிய சின்னச் சட்டைகளில் ஒன்றுகூட விதிவிலக்கில்லை. யார் மாட்டியது, எந்தக் கம்பெனி, துணியா டயப்பரா என்ற வேறுபாடே இல்லாமல், யாரோ தூரிகை பிடித்துத் தீட்டியது போல ஒரே இடம்.

"ஏங்க, எல்லாம் இடது பக்கமாவே ஒழுகுது" என்றாள்.

"அந்தப் பக்கம் சாஞ்சு படுக்கறாளோ என்னவோ."

அவள் குழந்தையை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி அணை கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஈரம் இடது தொடையிலிருந்து வயிற்றைச் சுற்றி ஏறி வந்தது. குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

தொடைகளைப் பார்த்தாள். வலது தொடையில் ஒரு மடிப்பு. இடது தொடையில் கூடுதலாக இன்னொன்று, சற்று மேலே. கடையில் நூற்றுக்கணக்கான முகங்களைத் தொட்டுப் பார்த்தவள் அவள். எந்த முகத்திலும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. ஒரு பக்கக் கம்பியை எப்போதும் கொஞ்சம் வளைத்துத்தான் கொடுக்க வேண்டும். உடம்பென்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தன் அம்மாவிடம் போனில் சொல்லலாமா என்று யோசித்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை விட்டு அம்மாவால் நகர முடியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது.

மதியம் குழந்தையை மாற்ற உள்ளே போனவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது குழந்தை மார்பிலிருந்து பாதம் வரை இறுகச் சுற்றப்பட்டிருந்தது. நாத்தனார் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"மணிக்கட்டு வலிக்குது. இனிமே டயப்பர் நீங்களே மாத்திக்கோங்க. துணி சுத்தறது மட்டும் நான் பாத்துக்கறேன்."

டயப்பர் மாட்டுவதைவிடத் துணி சுற்றுவதற்குத்தான் மணிக்கட்டில் பலம் வேண்டும். அன்று முதல் நாத்தனார் கட்டும் கட்டு நாளுக்கு நாள் இறுகியது. இரண்டு காலையும் சேர்த்து, நேராக நீட்டி, முழங்காலில் ஒரு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று. குழந்தை சிணுங்கினால், "அசையாம இருந்தாத்தான் நல்லது" என்பாள். யாருக்கு நல்லது, எதற்கு நல்லது என்று சொல்ல மாட்டாள்.

பிறகு கணவன். அதுவரை டயப்பர் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தானே மாற்றுவேன் என்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தான். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டான். முதல் முறை அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்து அப்படியே நடந்தது. ஒரு சாயங்காலம் துண்டு எடுக்கும் சாக்கில் கதவைத் தள்ளினாள். குழந்தை மல்லாந்து கிடந்தது. கணவன் மண்டியிட்டு, அதன் இடது இடுப்பில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

அவன் விருட்டென்று எழுந்தான். "ஒண்ணுமில்ல. கொஞ்சிட்டிருந்தேன்."

கொஞ்சுகிறவன் முகமா அது. ஓடுகிற இயந்திரத்தில் பழுது தேடும் முகம். அவளுக்கு அந்த முகம் தெரியும். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. ஈரத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் அடியோடு நின்றுபோனது. ஒழுகுவது நின்றுவிட்டதா என்றால், இல்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுருட்டிச் செருகிய ஒரு சட்டையை அவள் கண்டெடுத்தாள். அவள் மாற்றிய சட்டையல்ல. பக்கெட்டின் அடியில் கணவனின் வேலைச் சட்டைக்குக் கீழே இன்னொன்று. யார் யாரோ காதும் காதும் வைத்தாற்போல் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒரு குழந்தையின் துணியை ஒளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய முறை ஒரு காலை நேரத்தில் வந்தது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். நாத்தனார் காய்கறி வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். அவள் கட்டை அவிழ்த்து, ஈர டயப்பரை உருவி, புதியதை இடுப்புக்கடியில் வைத்தாள். இடது தொடையருகே சுருக்கம் சரியாக உட்காரவில்லை. விரல் நுழைய இடம் போதாமல் காலை மெல்ல விரித்தாள். வலது கால் புத்தகம் திறப்பது போல எளிதாகத் திறந்தது. இடது கால் பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

டக்.

காதில் கேட்டதா, கையில் உணர்ந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரிய சத்தமில்லை. கதவுத் தாழ்ப்பாள் விலகுவது போல, உள்ளே எதுவோ இடம் மாறியது. அவள் கை அப்படியே நின்றது. குழந்தை அழும் என்று காத்திருந்தாள். அழவில்லை. கூரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அழுதிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

உடைத்துவிட்டேன் என்று நினைத்தாள். பெற்று இன்னும் தையல்கூட ஆறவில்லை, அதற்குள் உடைத்துவிட்டேன்.

நாத்தனார் படியேறும் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக டயப்பரை ஒட்டித் துணியைச் சுற்றினாள். அதுவரை நாத்தனாரின் கட்டைப் பார்த்து மனதுக்குள் முணுமுணுத்தவள், அன்று தானே இறுகக் கட்டினாள். எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுவார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்கு நினைவிருந்தது.

எடை பார்க்கக் குழந்தை டாக்டரிடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் நாத்தனார்தான் பேச்சை எடுத்தாள். "நாளைக்கு மழை வரும்போல இருக்கு. அடுத்த வாரம் போனா என்ன?"

"எனக்கும் நாளைக்கு வேலை அதிகம்" என்றான் கணவன் உடனே.

"பால் நல்லாத்தானே குடிக்கறா. ஒரு வாரத்துல என்ன ஆயிடப்போகுது" என்றாள் அவள்.

மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இவ்வளவு சுலபமாக மற்ற இருவரும் ஒத்துக்கொண்டது ஏன் என்று மூன்று பேருக்குமே தோன்றியது. யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வருமே.

மறுநாள் மழையே வரவில்லை. வெயில் பால்கனியைத் தாண்டிக் கூடம் வரை வந்து விழுந்தது. கணவன் வேலை அதிகம் என்று சொல்லியிருந்தும் மதியமே திரும்பிவிட்டான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலில் இன்னொரு சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னக் கால் ஒன்று துணிக்குள் மடங்கப் பார்ப்பதும், நாத்தனாரின் உள்ளங்கை அதை அழுத்தி நேராக்குவதும் வெளியே தெரிந்தது.

"அண்ணி, வலிக்குது போல. அவிழ்த்து விடுங்க" என்றாள் அவள்.

"வேண்டாம்."

"கொஞ்ச நேரம் காத்தாட விடலாமே."

"அவிழ்க்கக்கூடாதுன்னு சொல்றேன்ல."

அவள் கை நீட்டித் துணியின் நுனியைப் பிடித்தாள். நாத்தனார் விடவில்லை. இருவரும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் அழுகிற குழந்தையோடு நின்றார்கள். பிடியை விடாமலே நாத்தனார் பேசினாள்.

"அவிழ்த்தா விலகிடும்மா. நான் தான் ஒடச்சிட்டேன். அன்னைக்கு டயப்பர் மாத்தறப்ப காலைத் தூக்கினேன், டக்குனு ஒரு சத்தம். எத்தனை வருஷமா துணியை உதறி உதறி மடிச்ச கை. பலம் தெரியாமப் போச்சு. கட்டி வச்சா கூடிடும்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க கிட்ட சொல்லுவேன்?"

வாசலில் நின்றவன் உள்ளே வந்தான். "அக்கா, நீ இல்ல. நான் தான். நீ மணிக்கட்டு வலின்னு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுச்சு. அதுக்கு மொத நாள், நீ குளிக்கப் போயிருந்தப்ப, ஈரத்துணியை உருவினேன். தினமும் காதை வச்சுப் பாக்கறேன். எதுவோ இருக்க வேண்டிய எடத்துல உக்காரல. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்."

அவள் துணியின் நுனியை விட்டுவிட்டாள். "எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "முந்தாநாள்."

பிறகு அவளுக்குள் பயத்தையும் மீறி ஒரு கோபம் பொங்கியது. யார்மீது என்று தெரியாத கோபம். "மூணு பேருக்கும் தெரிஞ்சும் மூணு பேரும் சும்மா இருந்திருக்கோம்" என்றாள். கட்டை முழுக்க அவிழ்த்து, குழந்தையை ஒரு துண்டில் அள்ளிக்கொண்டு, தலைகூட வாரிக்கொள்ளாமல் படியிறங்கினாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

டாக்டரின் அறை சின்னது. சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட உயர அளவுகோல். டாக்டரம்மா கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையின் இரண்டு முழங்காலையும் உள்ளங்கைகளில் பிடித்து மெல்ல விரித்தார். அந்தச் சத்தத்துக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது வந்தது. டாக்டர் மறுபடி ஒரு முறை செய்து பார்த்தார்.

"எலும்பு ஒடையல" என்றார் கடைசியில். "தொடை எலும்போட தலை, இடுப்புக் குழியில சரியா உக்காரல. வெளிய போயிட்டு உள்ள வருது. நீங்க கேட்டது அந்தச் சத்தம்தான். வயித்துல இப்படி உக்காந்த மாதிரி இருக்கற குழந்தைங்களுக்கு, அதுலயும் பெண் குழந்தைங்களுக்கு, வர வாய்ப்பு அதிகம். பொறந்த அன்னைக்குப் பாக்கறப்ப சில சமயம் பிடிபடாது. உங்க யார் கையாலயும் வந்தது இல்ல."

நாத்தனார் சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இடது பக்கமே டயப்பர் ஒழுகிச்சு டாக்டர்" என்றாள் அவள்.

"அந்தக் கால் விரிய மாட்டேங்குது இல்ல, அதனால அந்தப் பக்கம் டயப்பர் ஒட்டி நிக்காம இடைவெளி விழுந்திருக்கும்." டாக்டர் குழந்தையின் கணுக்காலில் படிந்திருந்த துணித்தடத்தை விரலால் தடவினார். "காலை நீட்டிக் கட்டறீங்களா?"

கணவன் தலையாட்டினான்.

"எவ்வளவு நாளா?"

"நான் தான் கட்டினேன்" என்றாள் நாத்தனார். "ரெண்டு வாரமா இறுக்கிக் கட்டறேன்."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இனிமே கட்டாதீங்க. காலை நீட்டி இறுக்கினா அந்த எலும்பு இன்னும் வெளியதான் போகும். தவளை மாதிரி மடங்கி விரிஞ்சு இருக்கணும்."

"எங்களால கெட்டுப்போச்சா?" என்று கணவன் கேட்டான்.

"இப்பவே வந்துட்டீங்க. வார் மாட்டுவோம். ஸ்கேன்ல பாக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல்லை மூன்று பேரும் வீட்டுக்குச் சுமந்துவந்தார்கள்.

வார் என்பது தோளில் தொடங்கி மார்பைச் சுற்றிப் பாதம் வரை இறங்கும் மெத்தென்ற பட்டைகள். இரண்டு காலையும் மடக்கி, இரண்டு பக்கமும் விரித்து நிறுத்தும். குளிப்பாட்டக்கூடக் கழற்றக் கூடாது. டயப்பரைப் பட்டைக்கு அடியில் நுழைத்துத்தான் மாட்ட வேண்டும். காலைப் பிடித்துத் தூக்காமல், பிட்டத்துக்கடியில் கை கொடுத்து. முதல் நாள் அவளே மாட்டினாள். ஒட்டிவிட்டுக் காத்திருந்தாள். விரிப்பு உலர்ந்தே இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பட்டாணி ஒரே சட்டையில் ஒரு பகலைக் கழித்தாள். அந்த உலர்ந்த சட்டையைப் பார்த்து மகிழ அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. சிலந்தி வலையில் சிக்கிய பூச்சியைப் போலக் கிடந்த குழந்தையை வேலை முடிந்து வந்து பார்க்கும்போதெல்லாம் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் ஸ்கேனில் மாற்றம் எதுவும் இல்லை. திரையைப் பார்த்த டாக்டர், "பொறுத்துப் பாப்போம்" என்றார். வாருக்குக் கேட்கவில்லை என்றால் மயக்கம் கொடுத்து எலும்பை உள்ளே தள்ளி, இடுப்பு முழுக்க மாவுக்கட்டு போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

நாத்தனார் லீவு முடிந்து போகவில்லை, நீட்டிக்கொண்டாள். ஆனால் குழந்தையைத் தொடுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுதால் எழுந்து வந்து நிலைப்படியோடு நின்றுவிடுவாள். நாத்தனாரைப் பார்க்கும்போது அவளுக்கு இரக்கமும் வந்தது, கணுக்காலில் அழுத்திய அந்த உள்ளங்கையும் நினைவுக்கு வந்தது. தானும் ஒரு நாள் அதே போலக் கட்டியதை யாரிடமும் அவள் இன்னும் சொல்லவில்லை. ஒரு மதியம் அதைச் சொன்னாள். "நானும் இறுக்கிக் கட்டினேன் அண்ணி. உங்க கட்டை விட இறுக்கமா." நாத்தனார் எழுந்து உள்ளே போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். "எங்க கை கொடுக்கணும், காட்டு" என்றாள்.

இரண்டாவது ஸ்கேனில் எலும்பின் தலை குழியை நோக்கித் திரும்பியிருந்தது. மூன்றாவதில் உள்ளே உட்கார்ந்திருந்தது. குழி ஆழம் போதாது, வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நடக்கும்போது ஒரு தரம், ஓடும்போது ஒரு தரம் என்றார் டாக்டர்.

வாரைக் கழற்றிய அன்று டாக்டர் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மாதக்கணக்கில் மூடியிருந்த தோல் வெளிறிக் கிடந்தது. இனிக் கால் நீளும், உதைக்கும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணியின் கால்கள் கட்டு இல்லாமலே மடங்கி, இரண்டு பக்கமும் விரிந்து, வாருக்குள் இருந்த வாக்கிலேயே நின்றன.

"மெதுவா தானா நீட்டுவா. நீங்க நீட்ட வேண்டாம்" என்றார் டாக்டர்.

அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்திய பிறகு மூன்று பேரும் சுற்றி நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அந்தக் கால்களைத் தொடவில்லை.